பச்சை டேப் ஒட்டிய பிரஷ்

றொவீனா ஓர் இடத்தில் ஆறுதலாக இருந்ததாகச் சரித்திரமே இல்லை. அவளுடைய கலியாணப் படத்தைப் பாருங்கள். பக்கத்தில் ஏர்ல் தூண் மாதிரி நிற்கிறான், கோட்டில் குத்திய பூக்கூட அசையவில்லை. அவள் முகம் மட்டும் கலங்கலாக இருக்கும். கேக் வெட்டிக்கொண்டு நின்ற பெரியம்மா துண்டுகளைச் சரியாக வெட்டுகிறாளா என்று பார்க்க, படம் எடுக்கிற நேரம் பார்த்துத் திரும்பிவிட்டாள். "பொம்பிள, கொஞ்சம் இஞ்ச பாருங்க" என்று படக்காரன் கெஞ்சினானாம். பார்த்தால்தானே!

மட்டக்களப்பு சின்ன உப்போடையில், வாவிக்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில் அவர்கள் வீடு. போர்த்துக்கீசர் வழிவந்த, கிறிஸ்தவப் பறங்கி ஆக்கள். முன்பு டச்பாரில் இருந்தவர்கள். சுனாமி வீட்டை வாரிக்கொண்டு போன பிறகு இங்கே வந்தார்கள். ஏர்லுக்குத் தகர வேலையும் வெல்டிங் ஒட்டு வேலையும். வாசலிலேயே பட்டறை. றொவீனா பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் சொல்லிக்கொடுத்தவள். கொரோனா வந்து பாடசாலையை மூடியதும் வீட்டுக்குள் இருந்து அவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அலுமாரியை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். கடைசியில், "ஆண்டவரே, இவளுக்கு ஒரு வேலை குடும்" என்று ஏர்ல் வாய்விட்டே மன்றாடினான். அந்த வாரம்தான் அவள் முதலாவது கேக் சுட்டாள். அது நடுவில் குழிந்து கிண்ணம் மாதிரி வந்தது. குழிக்குள் ஐசிங்கை நிரப்பிச் சாப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவளை யார் பிடிப்பது? கேக் சுட என்னென்ன சாமான் வேண்டும் என்று தெரியாத்தனமாகக்கூட அவளிடம் கேட்டுவிடாதீர்கள். அடுப்பில் வைத்த சோறு கரிந்துவிடும், அவள் சொல்லி முடிக்க மாட்டாள். முதலில் தராசு என்பாள். "கை அளவு, கண் அளவெண்டு சொல்றவங்க கேக் சுடேல்ல, சூது விளையாடுறாங்க." அடுத்தது ஒவனுக்குள் தொங்கவிடுகிற சூடுமானி. வெளியே இருக்கிற திருகு காட்டுகிற சூட்டை நம்பினால் நாசம்தான் என்பாள். பிறகு மா அரிதட்டு, ரப்பர் அகப்பை, பீட்டர், சீனிப்பாணி தடவப் பிரஷ், ஐசிங் தடவ நீட்டுத் தகடு, கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கச் சுழல்தட்டு. தட்டுகளை ஏர்ல் அலுமினியத் தகட்டில் அடித்துக் கொடுத்தான். மூலை முடுக்கில் மா ஒட்டாமல் அவன் மடிக்கிற மடிப்புக்கு ஊரில் ஆள் இல்லை. அதை மட்டும் அவள் அவனுக்கு முன்னால் சொல்ல மாட்டாள்.

இவையெல்லாம் அவளிடம் இரட்டை இரட்டையாக இருந்தன. அதற்குக் காரணம் அஸீமா.

அஸீமா காத்தான்குடியில் அபாயா தைக்கிறவள். றொவீனாவின் வயதுதான். பாலர் பாடசாலை விழாவுக்குப் பிள்ளைகளின் உடுப்புத் தைக்கக் கொடுக்கப் போய்ப் பழக்கம். பழக்கம் நட்பாகி, நட்பு சண்டையாகி, சண்டை மறுபடி நட்பாகி வளர்ந்த உறவு. றொவீனா கேக் சுடத் தொடங்கின புதிதில் ஒருநாள் அஸீமா அவள் சமைக்கிற குசினிக்குள் நேரே வந்து நின்றாள்.

"ஒண்டு கேப்பன், கோவிக்கப்படாது. நத்தார் பெருநாளுக்கு நீங்க சுடுற கேக்குக்குப் பிராந்தி ஊத்துறதுதானே?"

"ஓம். பழமெல்லாம் அதிலதான் ஊறப்போடுறது."

"அந்தச் சட்டி, அந்தக் கரண்டி படுற கேக்க நாங்க எப்பிடித் திங்கிற, புள்ள? திங்கேலாது. ஆனா உன்ட கேக்கத் திங்கோணும் எண்டும் ஆசயா இரிக்கி. என்ன செய்வம்?"

இப்படி முகத்துக்கு நேரே கேட்ட முதல் ஆள் அவள்தான். மற்றவர்கள் சிரித்துவிட்டு வாங்காமல் போனார்கள். றொவீனாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அந்த மாதமே எல்லாச் சாமானிலும் இரண்டாவது ஒன்று வாங்கினாள். புதுச் சாமானில் எல்லாம் பச்சை டேப் ஒட்டினாள். சுவரில் மாட்டிய மேல் தட்டு பச்சைக்கு, கீழ்த் தட்டு மற்றதுக்கு. பச்சைக்கு எசென்ஸ் வேறு, ஜெலற்றின் வேறு, கை துடைக்கிற துணிகூட வேறு. ஏர்ல் ஒருமுறை பச்சைக் கரண்டியால் தேத்தண்ணி கலக்கப் போனதற்கு அவன் வாங்கின ஏச்சு ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

அஸீமா வந்து பார்த்தாள். தட்டைத் தட்டிப் பார்த்தாள், போத்தலை மோந்து பார்த்தாள். பிறகு ஊருக்குள் போய்ச் சொன்னாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் காத்தான்குடியில் பாதிப் பெண்களுக்கு அது போதும். பிறந்தநாள், சுன்னத்து, குர்ஆன் கத்தம் ஓதி முடித்த பிள்ளைக்கு விருந்து என்று கேக் கல்லடிப் பாலம் தாண்டிப் போகத் தொடங்கியது. பறங்கி வீட்டுக் கேக்கை அந்த வீடுகள் கேள்வி கேட்காமல் வாங்கின. அந்தக் கேட்காத கேள்விதான் றொவீனாவின் பெரிய பெருமை.

இப்படியிருக்க, அஸீமாவின் மகள் சபீனாவுக்குக் கலியாணம் வந்தது. மார்கழி மாதம், வெள்ளிக்கிழமை. பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் நிக்காஹ், அதற்குப் பிறகு மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைத்து வந்து, பெண்கள் பகுதியில் மேடைக்கு முன்னால் கேக் வெட்டுவார்கள். மாப்பிள்ளையின் உம்மா ஆயிஷா உம்மா கொஞ்சம் கண்டிப்பான ஆள்.

"கேக் எங்க எடுக்கிற?" என்று அவர் கேட்டபோது அஸீமா மறைக்கவில்லை. "மட்டக்களப்பில பறங்கி வீட்ட."

"பறங்கி வீட்டயா? நத்தார் மாசத்திலயா?"

"நான் பொறுப்பு, மச்சி. அவட குசினி என்ட குசினி மாதிரி."

இதை அஸீமா போனில் சொன்ன நேரம் தொடங்கி றொவீனாவுக்கு நித்திரை போய்விட்டது. இவ்வளவு பெரிய வார்த்தையை ஒருத்தி தன் சம்மந்திக்கு முன்னால் அடகு வைத்திருக்கிறாள். மூன்று தட்டுக் கேக். ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ரோசா, பச்சை, வெள்ளை என்று நிறம் நிறமாக அடுக்கின ரிபன் கேக்.

ஆனால் பாருங்கள், கிறிஸ்மஸ் வருகிற நத்தார் மாதத்துக்கென்று ஒரு வேலை உண்டே! வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். பறங்கி வீட்டில் நத்தார் பிறக்கிறதற்குள் சுவரில் புதுப் பெயின்ட் ஏறாவிட்டால் அது வீடே இல்லை. மழை விட்ட நேரம் பார்த்து அடிக்க வேண்டியதுதானே என்று ஏர்ல் இருந்தான். றொவீனா விட்டாளா? "இந்தக் கிழமையே குசினிய முடிங்க" என்று ஒற்றைக்காலில் நின்றாள். கலியாணக் கேக் ஒரு பக்கம், பெயின்ட் ஒரு பக்கம், நத்தார் கேக்குகளுக்குப் பிராந்தி தடவுகிற வேலை இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டால்தான் அவளுக்கு மூச்சு வரும். சுவருக்குப் பெயின்ட் அடிக்கவென்று மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் கழற்றியாயிற்று. சாமான் எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. பச்சை ஒரு பக்கம், மற்றது மறுபக்கம், நடுவில் ஒரு துவாயைச் சுருட்டி எல்லை போட்டாள். நல்ல எல்லைதான்.

வெள்ளிக்கிழமை விடியுமுன்னே கரண்ட் போய்விட்டது. கேக்குகள் முதல்நாளே சுட்டு ஆறியிருந்தன. அடுக்க வேண்டியதும் ஐசிங் பூச வேண்டியதும்தான் மிச்சம். போன் வெளிச்சத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு அடுக்குக்கும் பிரஷ்ஷால் சீனிப்பாணி தடவினாள். அதுதான் கேக்கை ஈரமாக வைத்திருக்கும். வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பெயின்ட் மணம் தலையைக் கிறுகிறுக்க வைத்தது. கை தானாக வேலை செய்தது. வேலை முடிந்தபோது விடிந்திருந்தது. கேக்கைப் பார்த்தாள். சுற்றிவர நடந்து பார்த்தாள். ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

"மூச்சு விடு" என்றான் ஏர்ல். "நல்லாத்தான் இரிக்கு."

ஓட்டோவில் இருவரும் கேக்கை மடியில் பிடித்துக்கொண்டு கல்லடிப் பாலத்தைத் தாண்டினார்கள். அஸீமாவின் வீட்டில் பந்தல் போட்டு, பிரியாணிக் கடாய்கள் ஏறியிருந்தன. கேக்கைப் பார்த்ததும் அஸீமா வாயில் கைவைத்து, "மாஷா அல்லாஹ்!" என்றாள். உடனே படம் எடுத்துக் குடும்பக்காரர் எல்லாருக்கும் அனுப்பினாள். சம்மந்திக்கு முதலில் அனுப்பினாள்.

வீட்டுக்குத் திரும்பியதும் வேறு யாராவது என்றால் கொஞ்சம் சாய்ந்திருப்பார்கள். றொவீனா மேசையைத் துடைக்கத் தொடங்கினாள். பச்சைச் சாமானை ஒவ்வொன்றாகக் கழுவி எண்ணெய்த்தாளில் கவிழ்த்து வைத்தாள். கிண்ணம், அகப்பை, தகடு எல்லாம் இருக்கின்றன. பிரஷ்ஷைக் காணவில்லை. சீனிப்பாணிச் சட்டிக்குள் ஒரு பிரஷ் கிடந்தது. எடுத்தாள். பிடியில் டேப் இல்லை. உரிந்திருக்கும் என்று நினைத்தாள். ஒட்டின அடையாளம்கூட இல்லை.

"ஏர்ல்! என்ட பச்ச பிரஷ்ஷக் கண்டீங்களா?"

ஏர்ல் ஜன்னலடியில் நின்று கம்பிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். அடித்த கையை நிறுத்தினான். பிறகு பக்கத்தில் இருந்த தின்னர் பேணிக்குள் கையை விட்டு எடுத்தான். வெள்ளைப் பெயின்ட் ஏறிப்போன பிரஷ். பிடியில் பச்சை டேப்.

"கம்பி மூலைக்குப் பெரிய பிரஷ் போகேல்ல. நேத்துப் பின்னேரம் எடுத்தன். புதுசு வாங்கித் தருவம் எண்டு..."

நேற்றுப் பின்னேரம்! வீட்டில் இருந்தது இரண்டே பிரஷ்தான். பச்சை பிரஷ் நேற்றுப் பின்னேரத்திலிருந்து தின்னரில் கிடக்கிறது என்றால், இன்று விடிய அவள் கையில் இருந்தது எது? கையில் இருந்த பிரஷ்ஷை மூக்கடியில் கொண்டுபோனாள். சீனி மணத்துக்குக் கீழே அது இருந்தது. நேற்று நத்தார் கேக்குகளுக்குத் தடவிவிட்டுத் தண்ணீரில் அலசி மட்டும் வைத்தது. பிராந்தி.

"ஐயோ ஆண்டவரே" என்றாள். "ஐயோ, நான் என்னத்தச் செஞ்சன்!"

ஏர்லுக்கு விளங்கியது. முகம் கறுத்துப்போயிற்று. ஆனால் அவன் ஆம்பிளை அல்லவா, உடனே வழி சொன்னான்.

"அலசின பிரஷ்தானே. அதில ஒட்டினது எவ்வளவு? எல்லாம் காத்தோட போயிரிக்கும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"உனக்கு மட்டுந்தானே. அங்க கலியாணம் நடக்குது றொவீனா. இப்ப போய்ச் சொன்னா அவட நிலம என்ன? சொல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதுதான் அவளைப் பிடித்து ஆட்டியது. முற்றத்துக்குப் போனாள், உள்ளே வந்தாள், மறுபடி முற்றத்துக்குப் போனாள். அந்தக் கேக்கை சபீனா கடிப்பாள். மாப்பிள்ளை கடிப்பான். நான் பொறுப்பு என்று சொன்ன அஸீமா, சிரித்துக்கொண்டே கடிப்பாள். அதற்குப் பிறகும் அவள் இந்தக் குசினிக்கு வந்து இந்தக் கதிரையில் இருந்து கதைப்பாள். ஒவ்வொரு முறையும் தான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மழைக்கோட்டைக்கூட எடுக்காமல் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

பாலத்தில் காற்று அவளை வாவிக்குள் தள்ளப் பார்த்தது. காத்தான்குடித் தெருவில் பேரீச்ச மரங்கள் மழையில் தலைவிரித்து நின்றன. ஜும்ஆத் தொழுகை நேரம், கடையெல்லாம் பூட்டு. ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குப் போயிருந்தார்கள். அஸீமாவைப் பின்பக்கம் தண்ணீர்த் தாங்கியடியில் தனியே பிடித்தாள். நனைந்த கோழி மாதிரி நின்று, பிரஷ், பெயின்ட், பிராந்தி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அஸீமா யாராவது கேட்டார்களா என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் வந்து சொன்னாய்?"

றொவீனா எதை எதையோ எதிர்பார்த்து வந்தாள். இதை எதிர்பார்க்கவில்லை.

"சொல்லாம இரிந்திரிக்கலாமே புள்ள! எனக்குத் தெரிஞ்சிரிக்காது. தெரியாமத் திண்டா எங்களுக்குக் குத்தமில்ல. இப்ப எனக்குத் தெரியும். இனி அந்தக் கேக்குக்குக் கத்தி வெக்க ஏலுமா? ஆயிஷா மச்சி வந்து கேக் எங்க எண்டு கேட்டா என்ன சொல்லுவன்? நான் பொறுப்பெண்டு வாய் கிழியச் சொன்னவள் நான்!"

"கெதியா வேற சுட்டுக்கொண்டு வாறன். வீட்ட மத்தப் பச்சச் சாமானெல்லாம்..."

"உன்ட வீட்டுச் சாமான் ஒண்டும் வேணாம்!"

அந்த ஒரு சொல் அறைந்தது. றொவீனா குனிந்து நின்றாள். அழுகிறாளா மழையா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே பெண்களின் சிரிப்புச் சத்தம். சபீனா மருதாணிக் கையோடு வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"அன்ட்டி, என்ன நனைஞ்சி நிக்கிறீங்க? உம்மா, என்ன?"

அஸீமா மகளைப் பார்த்தாள், றொவீனாவைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"இஞ்ச சுடு" என்றாள். "என்ட குசினியில, என்ட சட்டியில. மாப்பிள வாறதுக்குள்ள."

நீங்கள் அந்தக் குசினியைப் பார்த்திருக்க வேண்டும். ஒவன் ஒன்று இருந்தது, உண்மைதான். சபீனா பிறந்த காலத்தில் அவளுடைய வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்தது. அன்றிலிருந்து அதற்குள் சட்டி பானை அடுக்கியிருந்தார்கள். அதையெல்லாம் வாரி வெளியே போட்டார்கள். உள்ளே ஒரு கம்பித்தட்டு, அதுவும் சாய்வு. கேக் தட்டு? ஒன்றுக்குள் ஒன்று போகிற மூன்று அலுமினியச் சட்டிகள். தராசு? தேத்தண்ணிக் கோப்பை. கண் அளவைச் சூதாட்டம் என்று சொன்ன வாயால் றொவீனா கோப்பையை எண்ணிப் போட்டாள். இடியப்ப மா அரிக்கிற அரிதட்டு இருந்தது, அந்தமட்டுக்கு நிம்மதி. பீட்டர் இல்லை. பட்டரும் சீனியும் கையாலேயே அடித்தாள். கை ஓய்ந்தபோது அஸீமா பிடுங்கி அடித்தாள். நாள் முழுக்கத் தையல் மெஷினில் துணி தள்ளுகிற கை. மெஷினே தோற்றுப்போயிருக்கும்.

றொவீனா ஒவன் கதவடியிலேயே நின்றாள். சூடுமானி இல்லாத ஒவன், உள்ளே என்ன நடக்கிறது என்று ஆருக்குத் தெரியும்? கதவைத் திறக்கக் கை போனது. திறந்தால் கேக் அமுங்கிவிடும். கையை மடக்கி அக்குளுக்குள் வைத்தாள். மறுபடி போனது.

"தொட்டியெண்டா முறிப்பன்" என்றாள் அஸீமா. அதுதான் அவ்வளவு நேரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு.

கேக் வெந்தது, ஆனால் ஒரு பக்கம் உயர்ந்து ஒரு பக்கம் தாழ்ந்து. சாய்ந்த கம்பித்தட்டு தன் வேலையைக் காட்டிவிட்டது. மின்விசிறியை நேரே திருப்பி ஆற வைத்தார்கள். தையல் நூலை இழுத்துப் பிடித்து அடுக்கு அடுக்காக அறுத்தார்கள். ஐசிங் தடவ அஸீமா தன் பிளாஸ்டிக் அடிக்கோலைக் கொதிநீரில் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். சீனிப்பாணியைக் கரண்டியால் தெளித்தாள் றொவீனா. பிரஷ் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பூப்போட ஒரு புதுப் பொலித்தீன் பையின் மூலையைக் கத்தரித்தார்கள். எப்படி எப்படியோ முட்டுக் கொடுத்தும் மேல்தட்டு தொப்பி சரிந்த மாதிரித்தான் நின்றது.

"கோணலா இரிந்தா என்ன அன்ட்டி, கெதியா!" என்று சபீனா உள்ளேயிருந்து கத்தினாள். மாப்பிள்ளையின் வாகனம் ஹோன் அடிக்கிற சத்தம் தெருமுனையில் கேட்டது.

முந்தின கேக், அந்தக் குறையில்லாத கேக், பின் அறையில் துணி மூடிக் கிடந்தது. அஸீமா போன் அடித்து ஏர்லைக் கூப்பிட்டிருந்தாள். அவன் ஓட்டோவில் வந்து பின்வாசலில் தலையைக் குனிந்து நின்றான்.

"பெயின்ட் அடிக்கிறத்துக்கு உங்களுக்கு வேற பிரஷ் கிடைக்கல்லியோ?" என்றாள் அஸீமா. ஏர்ல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கேக்கைப் பிணத்தைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனான்.

மேடையில் கேக்கை வைத்ததும் ஆயிஷா உம்மா பார்த்தார். கையில் இருந்த போனைப் பார்த்தார். மறுபடி கேக்கைப் பார்த்தார்.

"என்ன அஸீமா இது? படத்தில வேற கேக்கெல்லவா இரிக்கி?"

சுற்றி நின்றவர்கள் போனை எட்டிப் பார்த்தார்கள். றொவீனா குசினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முழங்கை வரை மா. சரிந்துவிட்டது என்று அஸீமா சொல்லலாம். கீழே விழுந்துவிட்டது என்று சொல்லலாம். ஒரு கலியாண வீட்டில் அதை நம்பாதவர் யார்?

"அந்தக் கேக்கில பிராந்தி பட்ட பிரஷ் பட்டுப்போச்சாம், மச்சி" என்றாள் அஸீமா. "கை மாறிப்போச்சாம். அவவே மழையில ஓடி வந்து சொன்னா. அத அனுப்பிப்போட்டு, இத நம்மட குசினியில நம்மட சட்டியில சுட்டம். நான் பக்கத்திலயே நிண்டன். கோணல்தான். கோணலுக்கும் நான்தான் பொறுப்பு."

ஆயிஷா உம்மா வாசலில் நின்றவளை மேலும் கீழும் பார்த்தார். றொவீனாவுக்கு ஓடிவிட வேண்டும்போல இருந்தது. கால் நகரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக நகரவில்லை. கடைசியில் ஆயிஷா உம்மா, "வெட்டுங்க, மஃரிபுத் தொழுகைக்கு நேரமாகுது" என்றார். அவருக்குக் கொடுத்த துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"சீனி கூடிப்போச்சி" என்றார். இன்னொரு துண்டு எடுத்தார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். றொவீனாவும் நினைத்தாள். ஸ்கூட்டியை எடுக்கப் போனபோது அஸீமா பின்வாசலுக்கு வந்தாள்.

"நீ வந்து சொன்னது பெரிய காரியம். அத நான் மறக்க மாட்டன். ஆனா ஒண்டு, இனி உன்ட வீட்டுக் கேக் என்ட வாசல் தாண்டாது. என்னால ஏலாது, றொவீனா. கோவிக்காத."

கோபிக்க என்ன இருக்கிறது? பாலம் தாண்டும்வரை அவள் வாய்விட்டு அழுதாள். வீட்டில் அந்த மூன்று தட்டுக் கேக் சாப்பாட்டு மேசையில் அரண்மனை மாதிரி இருந்தது. ஏர்ல் ஒரு துண்டு வெட்டினான். "நல்ல ருசி" என்று சொல்லப் போய்ச் சொல்லாமல் விட்டான்.

அந்த நத்தார் நத்தாராக இல்லை. புதுப் பெயின்ட் அடித்த குசினியில் தட்டுகளை மாட்டி, சாமானை அடுக்கினாள், கலைத்தாள், அடுக்கினாள். பச்சை டேப்பையெல்லாம் உரித்துப் போடப் பார்த்தாள், மனம் வரவில்லை. காத்தான்குடிப் பக்கத்திலிருந்து ஒரு போனும் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் பாய்ந்து எடுத்தாள், யாரோ சிம் கார்டு கம்பனிக்காரன். கேக் வியாபாரம் போனது அவளுக்குப் பெரிதில்லை. அந்தத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து சண்டை பிடிக்கிற பின்னேரங்கள் போனதுதான் நெஞ்சை அரித்தது. "ஒருக்கா நீயே எடுத்துக் கதையன்" என்றான் ஏர்ல். எடுத்தாள், மணி அடிக்க முன்னமே வெட்டினாள்.

தை மாதம், மழை ஓய்ந்த ஒரு காலையில் அஸீமாவே எடுத்தாள். சுகம் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.

"பக்கத்து வீட்டுப் புள்ளக்குப் பிறந்தநாள். கேக் வேணுமாம். நாளைக்கு வா."

"சுட்டுக்கொண்டு..."

"நான் என்ன சொன்னன்? உன்ட வீட்டுக் கேக் இஞ்ச வராது. நீ வா. வெறுங்கையோட வா."

பஸ்ஸில் போனாள். கையில் ஒரு பை இல்லை, கிண்ணம் இல்லை, மடியில் பிடித்துக்கொள்ள ஒரு தட்டு இல்லை. பாலத்தில் பஸ் ஏறி இறங்கும்வரை அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்தாள், பயணச்சீட்டை மடித்தாள், விரித்தாள். அப்படியென்றால் மன்னிப்பா? சாமான் இல்லாமல் வா என்றால் இன்னும் நம்பிக்கை இல்லை என்றுதானே? அல்லது சாமானை நம்பாமல் என்னை மட்டும் நம்புகிறாளா? இறங்கும்வரை விடை கிடைக்கவில்லை.

குசினி மாறியிருந்தது. ஒவனுக்குள் சட்டி பானை இல்லை. தேய்த்துக் கழுவி, சாய்ந்த கம்பித்தட்டுக்கும் ஒரு தகடு வைத்து மட்டம் பார்த்திருந்தாள். மேசையில் ஒரு புதுத் துணி விரித்து அதில் சாமான் பரப்பியிருந்தது. கிண்ணம், ரப்பர் அகப்பை, வட்டத் தட்டு, பீட்டர்கூட ஒன்று. தராசு என்று நினைத்து, வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசு வாங்கி வைத்திருந்தாள்.

"இதில மாவ எப்பிடிக் கொழுவுற?" என்றாள் றொவீனா. சிரிக்கப் பயமாக இருந்தது.

"கடக்காரன் தராசெண்டுதான் தந்தான். எனக்கென்ன தெரியும்? பிழையெண்டா நாளைக்குக் கூட்டிக்கொண்டு போய் நீயே வாங்கித் தா."

நாளைக்கு என்றாள். றொவீனா அந்தச் சொல்லைக் கேட்டும் கேளாத மாதிரி மற்றச் சாமானைப் பார்த்தாள். மேசை ஓரத்தில் பிரஷ் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. புதிது. ஒரே நிறம், ஒரே நீளம்.

"ரெண்டு எதுக்கு?"

அஸீமா மாப் பையை வெட்டிக்கொண்டே சொன்னாள், அவள் பக்கம் திரும்பவில்லை.

"நீ பதறி விழுந்து வேல செய்யிறவள். எப்பிடியும் மாறித்தான் எடுப்பாய். மாறியே எடு புள்ள, இஞ்ச ரெண்டும் ஒண்டுதான்."

றொவீனா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது அழுகை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு மேசையடியில் நின்று விம்மினாள். அஸீமா மாக் கிண்ணத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அழுறதெண்டா அங்கால போய் நிண்டு அழு புள்ள! மாவுக்குள்ள விழுந்தா அதுக்கும் நான்தான் ஊருக்குப் பதில் சொல்லோணும்."